கடல் இல்லாத ஊரில் ஒரு சமுத்திரம்

திருநெல்வேலியை விட்டு மலையைப் பார்த்து மேற்கே போனால் கோபாலசமுத்திரம், அம்பாசமுத்திரம், ரவணசமுத்திரம் என்று சமுத்திரங்களாகவே ஊர்கள் வரும். எந்த ஊரிலும் கடல் கிடையாது. கடல் இருப்பது எதிர்த்திசையில், கிழக்கே மன்னார் வளைகுடாவில். மலையடிவாரத்து ஊர்களுக்கு எதற்காகச் சமுத்திரம் என்று பெயர் வைத்தார்கள்?

பெரிய ஏரி ஒன்றை வெட்டியவர்கள், அதில் நிறைந்து நின்ற நீரின் பரப்பைப் பார்த்துச் சமுத்திரம் என்றார்கள். வெட்டியவர் பெயரோ அவர் வணங்கிய தெய்வத்தின் பெயரோ அதற்கு முன்னால் சேர்ந்துகொண்டது. ஏரியை நம்பி நெல் விளைந்தது, நெல்லை நம்பி ஊர் வளர்ந்தது, ஏரியின் பெயரே ஊரின் பெயராக நிலைத்தது. இதே அம்பாசமுத்திரத்துக்கு அதற்கு முன் வேறு பெயர் இருந்தது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியன் வரகுணனின் கல்வெட்டு அந்த ஊரை இளங்கோக்குடி என்று குறிக்கிறது. ஒரே மண்ணுக்கு இரண்டு காலத்தில் இரண்டு பெயர்.

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். பின்பகுதி அது எத்தகைய இடம் என்று சொல்லும்: குளம், காடு, குடி, பட்டி, துறை, மேடு. முன்பகுதி அந்த இடத்தை அக்கம்பக்கத்து இடங்களிலிருந்து பிரித்துக் காட்டும்: ஒரு மரம், ஒரு மண், ஓர் அரசன், ஒரு தெய்வம், ஒரு குடித்தலைவன். விளாத்திகுளம் என்றால் குளம் இருந்த இடம். அடையாளம், கரையில் நின்ற விளாமரம். இரண்டே சொல்லில் ஒரு நில அளவைக் குறிப்பு முடிந்துவிடுகிறது. இந்தக் குறிப்புகளைத் தொகுத்துப் படிக்கலாம் என்று தமிழ் வாசகர்களுக்குச் சுவையாகக் காட்டியவர் ரா. பி. சேதுப்பிள்ளை. அவருடைய ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946-இல் வெளிவந்தது. அதன்பின் கல்வெட்டாய்வாளர்கள், தொல்லியலாளர்கள், சூழலியல் ஆர்வலர்கள் என்று பலரும் அந்த வழியில் நடந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், ஊர்ப்பெயர் நிலத்தின் சாட்சியம். சாட்சி சொல்வதை விசாரித்துத்தான் ஏற்க வேண்டும். ஆனால் விசாரிக்காமல் தள்ளிவிடக் கூடாது.

தண்ணீருக்கு எத்தனை பெயர்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். மூன்று மாதத்தில் பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களைக் கடத்த முடியும். அதனால்தான் சுமார் 39,000 ஏரிகளும் குளங்களும் இந்த நிலத்தில் உருவாயின. இவ்வளவு நீர்நிலைகளை உண்டாக்கியவர்கள் ஒவ்வொன்றும் செய்யும் வேலையைப் பார்த்துத் தனித்தனிப் பெயர் வைத்தார்கள்.

வடக்கே தொண்டை மண்டலத்தில் ஏரி. தெற்கே தாமிரபரணிப் பக்கம் குளம். நடுவே மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதியில் கண்மாய். பாசனத்துக்கான இந்தப் பெரிய நீர்நிலைகளுக்கு அப்பால், மனிதர் குடிக்கும் நீருக்கென்று ஒதுக்கப்பட்டது ஊருணி. ஊர் உண்ணும் நீர். மேட்டுநிலத்து மழைநீரை ஏந்தி நிற்கும் சிறிய நீர்நிலை ஏந்தல். வரும் நீரைத் தாங்கிக்கொள்ளும் சிறு ஏரி தாங்கல். ஏந்துவதும் தாங்குவதும் மனிதக் கைகளின் வேலை. நிலத்துக்கும் அதே வேலையைக் கொடுத்துப் பெயர் வைத்தவர்கள் அந்த நீரை எவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பார்கள்!

இந்த நீர்நிலைகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மேலே உள்ள கண்மாய் நிறைந்ததும் கலிங்கு வழியாக மிகைநீர் வெளியேறி அடுத்த கண்மாய்க்குப் போகும்; அங்கிருந்து அதற்கும் கீழே உள்ளதற்கு. பல ஊர்கள் ஒரே நீர்ச்சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கும். ஒரு வட்டாரத்தில் குளம், ஏந்தல், தாங்கல் என்று முடியும் ஊர்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால் இந்தச் சங்கிலியின் கண்ணிகள் பல தாமாகவே தெரியவரும். இராமநாதபுரம் மாவட்டத்து ராஜசிங்கமங்கலம் பாண்டியன் ராசசிம்மன் பெயரால் அமைந்த ஊர். அதன் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள் அந்தப் பக்கத்தார். நாரையே இளைப்பாறாமல் கடக்க முடியாத அகலம். நீர் திறந்துவிட 48 மடைகள். அரசன் பெயர் ஊரில் இருக்கிறது, நீரின் அளவு மக்கள் பேச்சில் இருக்கிறது.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கலின் பெயரில் இன்னொரு தகவலும் ஒட்டியிருக்கிறது. தாங்கல் ஏரியைச் சொல்கிறது. வேடன் அங்கே நடந்த தொழிலைச் சொல்கிறான். வேட்டைக்காரர்கள் தேடி வந்தார்கள் என்றால் பறவைகள் முன்பே அங்கே நிறைந்திருந்தன என்றுதான் பொருள். அந்த ஊர் மக்கள் பின்னாளில் பறவைகளின் காவலர்களானார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். 1798-இல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் சொல்லிப் பறவைகளைச் சுடத் தடை வாங்கினார்கள். வேட்டையின் பெயரைத் தாங்கிய ஊர், நாட்டின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களில் ஒன்றானது.

மண்ணும் மரமும்

நீருக்கு அடுத்தபடி பெயரில் அதிகம் பேசுவது மண். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் கரிசல்குளம், கரிசல்பட்டி என்ற பெயர்களையும் செவல்பட்டி என்ற பெயரையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். கரிசல் பருத்திக்கு ஏற்ற கறுப்பு மண். செவல் நீர் எளிதில் இறங்கும் சிவப்பு மண். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் கரிசல் சீமையில் இருக்கிறது. பெயரோ செம்மண்ணைச் சொல்கிறது. கறுப்புக்கு நடுவே சிவந்து கிடந்த நிலம் கண்ணில் பட்டதும் அதையே அடையாளமாக்கிவிட்டார்கள். எங்கும் இருப்பதைப் பெயரில் வைக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கே உரியதைத்தான் வைப்பார்கள். ஊர்ப்பெயரைப் படிக்கும்போது இந்த விதியை மறக்கக் கூடாது. திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். அந்த மணலில் குடியேறியவர்களின் ஊர் தேரிக்குடியிருப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் விளை என்று முடியும் பெயர்கள் ஏராளம். வயல் இல்லாத மேட்டில், தோட்டப்பயிர் விளையும் நிலம் அது.

மரங்களின் பட்டியல் மிக நீளமானது. புளியங்குடி, இலுப்பூர், நெல்லிக்குப்பம், அத்திப்பட்டு, மாங்காடு, பனையூர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றில் சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை சூழலியலாளர்களுக்குத் தனிச்சுவை தருவது. தில்லை என்பது ஒரு மரம். உப்புநீர் ஏறி இறங்கும் கழிமுகங்களில், அலையாத்திக் காட்டில் வளர்வது. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும். இன்று தில்லை மரங்களைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் போக வேண்டும். ஊருக்குள் அந்தச் சதுப்பு இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. கழிமுகக் காடு ஒரு காலத்தில் இன்னும் மேற்கே வந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அந்தப் பெயரே எழுப்புகிறது. கேள்விக்கு விடை தேடுவது நிலவியலாளரின் வேலை. எங்கே தோண்டிப் பார்க்கலாம் என்று கை காட்டுவது பெயரின் வேலை.

வேதாரண்யத்தின் பழைய பெயர் மறைக்காடு. மறை என்றால் வேதம் என்று கொண்டு வடமொழியில் வேதாரண்யம் ஆக்கினார்கள். அது முதலில் மரைக்காடாக இருந்திருக்கும் என்று தேவநேயப் பாவாணர் போன்ற சொல்லாய்வாளர்கள் கருதினார்கள். மரை என்பது ஒரு வகை மான். பக்கத்திலேயே உள்ள கோடியக்கரைக் காட்டில் வெளிமான்கள் இன்றும் கூட்டமாக மேய்கின்றன. இந்த விளக்கம் முடிந்த முடிபு அல்ல. என்றாலும் ஒரு பெயரை ஆராயும்போது அகராதியோடு நிற்காமல் பக்கத்துக் காட்டையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

ஆறு நகர்ந்தது, கடல் விலகியது

தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க, ரோமானிய நூல்களிலும் அதன் பெயர் உண்டு. இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது, வயல்தான் தெரியும். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட, வணிகம் கடலைப் பின்தொடர்ந்து காயலுக்குப் போனது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் துறைமுகம் இதுதான் என்று அடையாளம் காட்டியவர் பிஷப் கால்டுவெல். காயல் என்றால் கடலோடு தொடர்புள்ள உப்பங்கழி. அந்தத் துறையும் தூர்ந்தது. இன்று அதன் பெயர் பழையகாயல். அதுவும் கடலை விட்டு உள்ளே தள்ளியே இருக்கிறது. காயல் என்ற சொல் அங்கே நீர் இருந்ததைச் சொல்கிறது. பழைய என்ற அடைமொழி அந்தப் பெருமை போனதைச் சொல்கிறது. ஓர் ஆற்றுமுகம் பல நூற்றாண்டுகளாக எப்படி நகர்ந்தது என்பதை இரண்டு மூன்று ஊர்ப்பெயர்களை வைத்தே ஓரளவு தொடரலாம்.

கொள்ளிடத்தின் கதை இன்னும் நெருக்கமானது. காவிரியில் வெள்ளம் மிகும்போது அதை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு அது. மேட்டூர் நிரம்பி உபரிநீர் திறக்கும் ஆண்டுகளில், மயிலாடுதுறை மாவட்டத்தின் கொள்ளிடக் கரையோரத்தில் முதலில் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும் ஊர்களின் பெயர்களைச் செய்தித்தாளில் பாருங்கள்: நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, கோரைத்திட்டு. படுகை என்றால் ஆற்றின் ஓரத்தில் வண்டல் படிந்து, வெள்ளத்தில் முழுகி எழும் நிலம். திட்டு என்றால் நீருக்கு நடுவே தலைநீட்டும் மேடு. கோரை ஈரம் நிற்கும் இடத்துப் புல். முதலைக்கு விளக்கம் வேண்டாம். கொள்ளிடத்தில் முதலைகள் இன்றும் இருக்கின்றன. இந்த நிலம் ஆற்றுக்குச் சொந்தம், மனிதர் அதில் தற்காலிகமாகத்தான் இருக்கிறார்கள் என்பதைப் பெயர் வைத்தவர்கள் ஒளிக்கவே இல்லை.

ஒரு தலைநகரம் கிராமங்களுக்குள் ஒளிந்த கதை

ஊர்ப்பெயர்கள் வரலாற்றை எவ்வளவு நுணுக்கமாகக் காத்து வைத்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரத்துக்குப் போக வேண்டும். முதலாம் ராஜேந்திர சோழன் கங்கைவரை படை அனுப்பி வென்றதன் நினைவாக எழுப்பிய தலைநகரம் அது. சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசு அங்கிருந்துதான் ஆளப்பட்டது. இன்று நிமிர்ந்து நிற்பது பெரிய கோயில் ஒன்றுதான். கோயிலின் சுற்றுமதில் கற்கள்கூட 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபோது பெயர்த்து எடுக்கப்பட்டன. அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, கடைத்தெரு இல்லை.

ஆனால் சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். உட்கோட்டை. ஆயுதக்களம். மெய்க்காவல்புத்தூர். மாளிகைமேடு. வாணதிரையன்பட்டினம். சுண்ணாம்புக்குழி. தொட்டிகுளம். செங்கமேடு. அழிந்துபோன நகரத்தின் வரைபடமே இந்தப் பெயர்களில் விரிகிறது. கோட்டையின் உட்பகுதி ஓரிடம். படைக்கலம் இருந்தது ஓரிடம். அரசனின் மெய்க்காவலர் குடியிருந்தது ஓரிடம். வாணதிரையன் என்ற பட்டம் தாங்கிய தலைவனின் பெயரால் ஓரிடம். கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு பக்குவம் செய்தது ஓரிடம். தலைநகர மக்கள் கலைந்து போனார்கள். உழவர்கள் வந்தார்கள். அரண்மனை இருந்த இடத்தில் கடலை விதைத்தவர்களும் முந்திரி வைத்தவர்களும் பெயரை மாற்ற நினைக்கவில்லை.

மாளிகைமேட்டின் பெயர் வெறும் கதையல்ல என்பதை மண்வெட்டி மெய்ப்பித்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் அங்கே அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டன. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. 2021 முதல் மீண்டும் அகழாய்வு நடந்து சுவர்களின் தொடர்ச்சி தெரியவந்தது. சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டு குறிப்பிடும் அரண்மனையின் ‘மாளிகை’, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக ஒரு மேட்டின் பெயரில் உயிரோடு இருந்திருக்கிறது. செங்கமேட்டுக் காளி கோயிலில் கலிங்கப் பாணிச் சிற்பங்கள் நிற்கின்றன. வெற்றி கண்ட படை அள்ளி வந்தவை. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்ற பேரேரி மட்டும் பெயர் மாறிப் பொன்னேரியாகிவிட்டது. அதன் பழைய பெயரைச் செப்பேடு நமக்குச் சொல்லிவிடுகிறது.

மேடு, திடல் என்று முடியும் பெயர்களைத் தொல்லியலாளர்கள் ஆவலோடு தேடுவதற்கு இதுவே காரணம். சமவெளியில் காரணமில்லாமல் மேடு உண்டாகாது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கட்டி இடிந்து மீண்டும் கட்டிய இடம் உயரும். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு அப்படித்தான் ரோமானியரோடு நடந்த வணிகத்தை வெளிப்படுத்தியது. 2014-15-இல் கீழடியில் அகழாய்வு தொடங்கிய தென்னந்தோப்பின் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்று குறிப்பதை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது.

வந்து குடியேறியவர்களின் தடம்

பட்டி என்றால் ஆடுமாடுகளை அடைக்கும் இடம். மேய்ச்சல் நிலத்தில் பட்டி போட்ட இடம் குடியிருப்பாகி ஊரானது. மதுரை, திண்டுக்கல் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பட்டிகள் மலிந்திருப்பதும் காவிரிப் பாசனத்தில் மங்கலங்களும் நல்லூர்களும் மலிந்திருப்பதும் தற்செயல் அல்ல. அந்தணர்க்கு அரசர் கொடையாக விட்ட ஊர் சதுர்வேதிமங்கலம். வாய் வழங்கத் தோதாக அது மங்கலமாகவும் வேறு விதமாகவும் குறைந்தது. குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்தரமேரூர் அந்தக் காலத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்.

படை தங்கிய இடம் பாளையம். 1529-இல் மதுரையில் ஆட்சிக்கு வந்த விசுவநாத நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. தெற்கே கரிசல் காட்டில் நாயக்கன்பட்டிகளும் ரெட்டியபட்டிகளும் நிறைந்திருப்பது, வடக்கிலிருந்து தெலுங்கு பேசும் உழவர்கள் வந்து குடியேறியதன் பதிவு. கொங்கு நாட்டில் வலசு என்று முடியும் பெயர்கள் சிறு உழவர் குடியிருப்புகளைக் குறிப்பவை. பறவைகள் வலசை போவது போலக் குடிகள் இடம் மாறிப்போய் நிலைகொண்ட நினைவு அந்தச் சொல்லில் கேட்கிறது. ஒரே மாநிலத்துக்குள் வலசு ஒரு பக்கம், விளை ஒரு பக்கம், பாக்கம் ஒரு பக்கம் என்று பெயர்கள் பிரிந்து நிற்பதைப் பார்த்தாலே நிலமும் பிழைப்பும் எங்கே மாறுகின்றன என்று விளங்கும்.

பெயர்கள் பெருமையை மட்டும் காப்பவை அல்ல, அநீதியையும் காக்கும். சேரி என்பது ஒரு காலத்தில் சேர்ந்து வாழும் இடத்துக்கான பொதுச்சொல். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியே வரிசைப்படுத்துகின்றன. யாரை எங்கே வைத்திருந்தார்கள் என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது. பின்னாளில் சேரி என்ற சொல்லே இழிவாக ஒலிக்கும்படி ஆக்கப்பட்டது. 2025 ஏப்ரலில், அதேபோல இழிவாக ஒலிக்கும்படி ஆகிவிட்ட ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வாழும் மனிதரைக் குத்தும் பெயர் பலகையிலிருந்து இறங்கத்தான் வேண்டும். அது இருந்தது என்ற செய்தி வரலாற்று ஏட்டில் இருந்தால் போதும்.

சாட்சியை விசாரிக்கும் முறை

ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வது எளிது. சரியான விளக்கம் சொல்வது கடினம். வாய் வழங்கும் பெயர் தேயும். தேய்ந்த பெயருக்குப் பொருள் தெரியாதபோது மக்கள் புதிதாக ஒரு பொருள் கற்பித்துக்கொள்வார்கள், அதற்கேற்ப ஒரு கதையும் பிறக்கும்.

செங்கல்பட்டு என்றதும் செங்கற்சூளை நினைவுக்கு வரும். அது செங்கழுநீர்ப்பட்டு, செங்கழுநீர்ப் பூ பூத்த நீர்நிலையின் ஊர். ஆற்காட்டை ஆறு காடுகள் என்று கணக்கிட்டுக் கதை சொல்வார்கள். ஆர் என்பது ஆத்தி மரம்; சோழரின் அடையாளப் பூவைத் தந்த மரம். வீராணம் ஏரியின் பெயரில் முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயரான வீரநாராயணன் தேய்ந்து கிடக்கிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் ஏரி, 10-ஆம் நூற்றாண்டு அரசனின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

ஆகவே ஆய்வாளர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். முதலாவது, இந்தப் பெயரின் மிகப் பழைய எழுத்து வடிவம் எது? கல்வெட்டு, செப்பேடு, பழைய இலக்கியம், நிலவரி ஆவணம் என்று தேடிப் போக வேண்டும். இரண்டாவது, பெயர் சொல்வதை நிலம் ஒப்புக்கொள்கிறதா? மூன்றாவது, அதே மாதிரிப் பெயர்கள் வேறு எங்கே இருக்கின்றன, அங்கே நிலம் எப்படி இருக்கிறது?

இந்தக் கேள்விகளில் தேறிய பெயர் ஒன்று ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது: கொடுமணல். பெயரைக் கேட்டால் மணல் என்றுதான் தோன்றும். பதிற்றுப்பத்து, நல்ல அணிகலன்களுக்குப் பேர்போன கொடுமணம் என்ற ஊரைச் சொல்கிறது. அந்தக் கொடுமணமே இந்தக் கொடுமணல் என்று அறிஞர்கள் கருதி அங்கே அகழ்ந்தார்கள். பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றில் மணிகள் செய்த தொழிற்கூடத் தடயங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பாட்டும் பெயரும் மண்ணும் ஒன்றையே சொல்லிவிட்டன. ஓர் எழுத்து மட்டும் மாறி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய பெயர் அது.

இதையே பெரிய அளவில் செய்தவர் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஊர்களை இன்றைய ஊர்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்தி, வரைபடத்தில் குறித்து, சோழநாட்டின் பழைய ‘நாடு’ப் பிரிவுகளின் எல்லைகளை மீட்டெடுத்தார். 1973-இல் வெளியான அந்த ஆய்வு நடந்திருக்க முடிந்ததற்கு முதல் காரணம், கல்வெட்டில் உள்ள பெயர்கள் பல இன்றும் பேருந்துப் பலகைகளில் இருப்பதுதான்.

இனி என்ன செய்ய வேண்டும்

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கிருந்து பார்க்க ஏரி எதுவும் இல்லை. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது என்று பலரும் சொன்னார்கள். அந்தப் பழைய இடங்களில் பலவற்றின் முகவரி தெருப் பெயர்களிலேயே எழுதியிருந்தது. தாங்கல், ஏரி, குளம், படுகை, திட்டு, பள்ளம் என்று முடியும் இடத்தில் மனை வாங்குகிறவரும் மனை பிரிக்க ஒப்புதல் தருகிறவரும் பெயரை ஒரு முறை உரக்கப் படித்துப் பார்ப்பது நல்லது. பெயரே தீர்ப்பு ஆகிவிடாது. ஆனால் பழைய நில ஆவணத்தை எடுத்துப் பார்க்கும்படி அது எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கைக்குச் செலவு ஏதும் இல்லை.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றி விவாதம் எழுந்து சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயர் என்றால் மக்கள் எவ்வளவு அக்கறை கொள்கிறார்கள் என்பதற்கு அந்த விவாதமே சான்று. அந்த அக்கறையின் ஒரு பங்கை இன்னும் அவசரமான ஒன்றின் பக்கம் திருப்ப வேண்டும். ஊரின் பெயர் பலகையிலும் ஆவணத்திலும் இருக்கிறது, அது எளிதில் அழியாது. ஊருக்குள் இருக்கும் சிறு பெயர்கள்தான் அழிந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வயலுக்கும் ஓடைக்கும் மடைக்கும் பாறைக்கும் திடலுக்கும் ஒரு பெயர் இருந்தது. பட்டாவில் சர்வே எண் வந்தபின் அந்தப் பெயர்கள் பேச்சில் மட்டும் வாழ்ந்தன. உழவை விட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சும் தேவைப்படவில்லை. மாளிகைமேடு, பள்ளிச்சந்தைத் திடல் போன்றவை முதலில் இத்தகைய சிறு பெயர்களே. அவற்றை யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் எங்கே தோண்டுவது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

இதற்குப் பெரிய நிதியோ கருவியோ வேண்டாம். ஒரு பள்ளிக்கூடமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஊரில் வயதானவர்களை, குறிப்பாக ஆடு மேய்த்தவர்களையும் மடை திறந்தவர்களையும் நாற்று நட்டவர்களையும் கேட்டு, ஒவ்வொரு இடத்தின் பெயரையும் அவர்கள் உச்சரித்தபடியே எழுதி, கிராம வரைபடத்தில் அந்தந்த இடத்தில் குறித்து வையுங்கள். பொருள் தெரியாத பெயரைத் திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள், கேட்டபடியே பதியுங்கள். விளக்கம் பின்னால் வருகிறவர் சொல்லட்டும். அந்தப் பெயர்களைக் கடைசியாக அறிந்த தலைமுறை இன்றும் நம்மோடு இருக்கிறது. அவர்களிடம் இந்த ஆண்டே கேளுங்கள்.